இராமன் விளைவுக்குள் இருக்கும் இன்னொரு பெயர்: கே.எஸ். கிருஷ்ணன்

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைப் பயன்படுத்தும் வாய்ப்பு கிடைத்தது. அதன் பெயர் இராமன் நிறமாலைமானி. சோதிக்க வேண்டிய பொருளை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினால், ஒரு பச்சை லேசர் கதிர் அதன் மீது பாயும். சில விநாடிகளில் கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு தோன்றும். அந்தக் கோடு அந்தப் பொருளின் கைரேகை. ஒரு மாத்திரை அசலா போலியா, ஒரு கல் வைரமா கண்ணாடியா என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்தக் குழுப்பணியில் நாங்கள் நான்கு பேர். எங்களில் ஒருவன் என்னைப் போலவே செரண்டாவில் வளர்ந்தவன். மூன்று நாள் மாலை தனியாக உட்கார்ந்து அந்தக் கருவியைச் சரிப்படுத்தியவன் அவன்தான். வேலை முடிந்து கடைசி நேர கொமுட்டர் ரயிலில்தான் வீடு திரும்பினான். படைப்பு நாளன்று அவனுக்குக் காய்ச்சல்; வரவில்லை. படவில்லைகளை நான் தயாரித்திருந்தேன். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள்தாம் இருந்தன. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கவனித்த பிறகும் நான் அதைத் திருத்தவில்லை என்பதுதான் உண்மை. நல்ல புள்ளிகள் கிடைத்தன. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கை எழுதுவதற்காக இராமன் விளைவின் வரலாற்றைத் தேடியபோது ஒன்று கண்ணில் பட்டது. 1928-இல் அந்தக் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த கடிதத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன: சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணன். பள்ளியில் முதல் பெயரைப் படித்திருக்கிறேன். இரண்டாவது பெயரை யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பெயரைப் பற்றியது.

மலையடிவாரத்திலிருந்து கல்கத்தாவுக்கு

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ள ஊர் அது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை விவசாயி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல புலமை உடையவர்.

அந்தக் காலத்தை நம் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்கலாம். சிலாங்கூரில் ரப்பர் பயிர் அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்களில் நம் முன்னோர் பலர் தோட்ட வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதே தமிழ் மண்ணிலிருந்து இன்னொரு பிள்ளை, கிழக்கே கடல் கடக்காமல், படிப்பைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனது.

திருவில்லிபுத்தூரில் உயர்நிலைப்பள்ளி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி என்று அவருடைய படிப்பு தொடர்ந்தது. படிப்பு முடிந்ததும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சியாளராக வேலை கிடைத்தது. அங்கே மதிய உணவு இடைவேளையில் மாணவர்களுடன் உட்கார்ந்து பேசுவது அவர் வழக்கம். இயற்பியல், வேதியியல், கணிதம் என எதைக் கேட்டாலும் விளக்குவார். விஷயம் பரவி, பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தார்களாம். புள்ளியும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை. கேள்வி கேட்கும் ஆசை ஒன்றுதான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

கிருஷ்ணனுக்கு அந்த வேலை போதவில்லை. ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற விருப்பத்தோடு 1920-இல் கல்கத்தா சென்றார். அங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன். கிருஷ்ணனைவிடப் பத்து வயது மூத்தவர். பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில்தான் இராமனின் ஆய்வுகள் நடந்தன. 1923-இல் கிருஷ்ணன் அங்கே இராமனின் ஆய்வு உதவியாளரானார்.

கடல் ஏன் நீலம்?

கிருஷ்ணன் சேருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இராமனை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டிருந்தது. 1921-இல் கப்பலில் ஐரோப்பா சென்று திரும்பிய அவர், கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். கடல் வானத்தின் நிறத்தைப் பிரதிபலிக்கிறது என்பதுதான் அப்போது பலர் சொன்ன விளக்கம். இராமன் அதை ஏற்கவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அதிலிருந்து திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதே அவர் குழுவின் முக்கிய வேலையானது.

1923-இல் அந்தக் குழுவைச் சேர்ந்த கே.ஆர். இராமநாதன் ஒரு விநோதத்தைப் பார்த்தார். சிதறிய ஒளியில் மிக மங்கலாக வேறொரு நிறமும் கலந்திருந்தது. திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கலாம், அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அந்த மங்கல் ஒளி போகவில்லை. சில ஆண்டுகள் அது விடை இல்லாத கேள்வியாகவே கிடந்தது.

1928 பிப்ரவரி

1928 தொடக்கத்தில் கிருஷ்ணன் பெரும்பாலும் கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கியிருந்தார். ஓர் அறிவியலாளர் நெடுநாள் சோதனையை விட்டு விலகி இருப்பது நல்லதல்ல என்று சொல்லி இராமன் அவரை மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்தார். அந்த நாள்களில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பின்னாளில் அது அச்சில் வந்ததால்தான் நமக்கு இந்தச் செய்திகள் தெரிகின்றன.

சோதனை மிக எளிமையானது. அவர்களிடம் லேசர் இல்லை. அது அப்போது உலகில் எங்குமே இல்லை. விளக்கு, சூரியன்தான். ஒரு வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, ஊதா நீல வடிகட்டி ஒன்றின் வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியை மஞ்சள் பச்சை வடிகட்டி ஒன்றின் வழியாகப் பார்த்தார்கள். இந்த இரண்டு வடிகட்டிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் எந்த ஒளியும் கடக்காது. ஒன்று விடும் நிறத்தை மற்றொன்று தடுத்துவிடும். நடுவில் திரவத்தை வைத்த பிறகும் ஏதாவது வெளிச்சம் தெரிந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: திரவத்துக்குள் ஒளியின் நிறம் மாறியிருக்கிறது.

பிப்ரவரி 7-ஆம் நாள் கிருஷ்ணன் ஒன்றைக் கவனித்தார். சோதித்த தூய திரவங்கள் எல்லாவற்றிலும் அந்த மங்கல் ஒளி தெரிந்தது. அது மட்டுமல்ல, அந்த ஒளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தன. சாதாரண ஒளிர்தலில் அப்படி இராது. இராமனிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு தாமே வந்து பார்த்தார். பார்த்ததும் உற்சாகம் தாங்காமல் ஆய்வுக்கூடத்தில் அங்குமிங்கும் ஓடினார். அன்று இரவு கிருஷ்ணன் தங்கியிருந்த வீட்டுக்கே வந்து அவரைக் கீழே அழைத்தார். காலையில் பார்த்தது வெறும் ஒளிர்தல் அல்ல, கிராமர்ஸ், ஹைசன்பர்க் ஆகியோரின் கோட்பாடு முன்னுரைத்த விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். இருவரும் வீட்டு வாசலில் கால் மணி நேரத்துக்கும் மேலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாசலில் பேசப்பட்டதன் சாரம் இதுதான். ஒளி ஒரு மூலக்கூறின் மீது மோதும்போது பெரும்பாலும் வந்த நிறத்திலேயே சிதறிப் போகும. ஆனால் ஏறக்குறைய ஒரு கோடியில் ஓர் ஒளித்துகள் மட்டும் தன் ஆற்றலில் கொஞ்சத்தை மூலக்கூறிடம் விட்டுவிட்டுப் போகிறது. மூலக்கூறு அதை வாங்கி அதிர்கிறது. ஆற்றல் குறைந்த ஒளியின் நிறம் மாறுகிறது. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய வகையில் அதிர்வதால், நிறம் எவ்வளவு மாறியது என்று அளந்தால் பொருள் எது என்று தெரிந்துவிடும். எங்கள் கணினித் திரையில் நான் பார்த்த கைரேகை அதுதான்.

பிப்ரவரி 16-ஆம் நாள் இருவரும் இலண்டனின் நேச்சர் இதழுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்ததாக அதில் குறிப்பிட்டிருந்தார்கள். பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தபோது மாறிய நிறம் தனியாகப் பிரிந்து தெரிந்தது. இந்தியா இன்றும் அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. கடிதம் மார்ச் 31-ஆம் நாள் அச்சில் வந்தது.

பெயர் ஒருவருக்கு

செருமானிய இயற்பியலாளர் பிரிங்ஷைம் இதற்கு இராமன் விளைவு என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. 1930-இல் இயற்பியல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பட்டது. ஒரே பரிசை இருவருக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் அப்போதும் இருந்தது. 1927-இல் காம்ப்டனும் வில்சனும் அப்படிப் பெற்றவர்கள்தாம்.

இது அநியாயமா? அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. ஏழு ஆண்டுகள் அந்தத் தேடலை நடத்தியவர் இராமன். கேள்வி அவருடையது, ஆய்வுக்கூடமும் வழிகாட்டலும் அவருடையவை. தம் நோபல் உரையில் கிருஷ்ணன் இந்த ஆய்வில் பெரிதும் துணைநின்றார் என்று அவர் சொல்லவும் செய்தார். இராமநாதன், வெங்கடேசுவரன் ஆகியோரின் பங்கையும் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிப்ரவரியில் வடிகட்டிக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பல மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தவர்களில் முதன்மையானவர் கிருஷ்ணன். எது பெரிய பங்கு என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிருஷ்ணன் தம் பங்கைக் கேட்டுப் பொதுவில் வாதாடவில்லை. அவர் செய்தது வேறு.

டாக்காவில் தொங்கிய பளிங்குகள்

கண்டுபிடிப்பு நடந்த அதே 1928-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இன்று வங்காளதேசத்தின் தலைநகரில் இருக்கும் அதே பல்கலைக்கழகம். சத்யேந்திரநாத் போஸ் அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தார். புகழ் கல்கத்தாவில் இருந்தபோது கிருஷ்ணன் டாக்காவில் புதிய துறை ஒன்றைத் தொடங்கினார்: பளிங்குகளின் காந்தத்தன்மை.

காந்தம் என்றால் நமக்கு இரும்புதான் நினைவுக்கு வரும். ஆனால் எல்லாப் பொருளும் காந்தத்துக்கு மிக நுண்மையாகவாவது பதில் சொல்லும். ஒரு பளிங்கு எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறதோ அதற்கு ஏற்ப அந்தப் பதில் கூடும், குறையும். கிருஷ்ணன் சிறிய பளிங்கு ஒன்றை மெல்லிய இழையில் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். பிறகு இழையை மேலிருந்து மெல்ல முறுக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் பளிங்கு சட்டென்று சுழன்று திரும்பும். எத்தனை முறுக்கில் திரும்பியது என்பதிலிருந்து திசைக்குத் திசை காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார். பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பொறுமையும் கணக்கும் போதுமானவையாக இருந்தன.

அதில் என்ன பயன்? அலமாரியில் போடும் பூச்சி உருண்டையின் மூலப்பொருளான நாப்தலீனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு தட்டையானது. அது பளிங்குக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. காந்த அளவீடு அதைச் சொல்லிவிடும். எக்ஸ்கதிர் கொண்டு பளிங்குகளை ஆராய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவியானது. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் பிரிட்டனின் கேத்லீன் லான்ஸ்டேல். பின்னர் இராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணிகள் இருவரில் ஒருவர் அவர். 1936-இல் அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

1933-இல் இராமன் பெங்களூருக்குப் போன பிறகு கிருஷ்ணன் கல்கத்தாக் கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் காந்தத்தன்மையையும் அதன் எலக்ட்ரான்களின் போக்கையும் அங்கே ஆராய்ந்தார். ஒரு காலத்தில் உதவியாளராக நுழைந்த அதே கட்டடத்தில் இப்போது சொந்த மாணவர்களும் சொந்தக் கேள்விகளும் அவருக்கு இருந்தன.

அங்கீகாரம் வந்த வழி

1940-இல் இலண்டன் இராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவரை முன்மொழிந்த சான்றிதழில் காந்த ஆய்வுகள் மட்டும் குறிப்பிடப்படவில்லை. இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் அவர் இராமனுடன் இணைந்து பணியாற்றியதும் எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இரண்டாவது பெயர் உரிய இடத்தில் பதிவானது. சொந்த உழைப்பால் ஒரு துறையை எழுப்பிய பிறகு, பழைய பங்கும் தானாகச் சேர்ந்து வந்தது.

1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். திரவத்தில் ஒளி சிதறுவதுபோலவே உலோகத்துக்குள் எலக்ட்ரான் அலைகளும் சிதறுகின்றன என்ற எண்ணத்தைக் கொண்டு மின்தடையை விளக்க முயன்றார். இளமையில் கற்ற ஒளிச்சிதறல் இங்கே கைகொடுத்தது. 1946-இல் சர் பட்டம் கிடைத்தது.

இந்தியா விடுதலை பெற்ற 1947-இல் புதுடில்லியில் உருவாகிக்கொண்டிருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஒரு நாட்டின் மீட்டரும் கிலோகிராமும் சரியாக இருக்கின்றனவா என்று காத்து நிற்கும் இடம் அது. அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் உறுப்பினர். நிர்வாகப் பணிகளுக்கு நடுவிலும் ஆய்வை விடவில்லை. சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்படுவது பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1954-இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1958-இல் பட்நாகர் பரிசு தொடங்கியபோது அதைப் பெற்ற முதல் அறிவியலாளர் அவர்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவர் தமிழை விடவில்லை. தமிழ், சமஸ்கிருத இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடைய அவர், அறிவியலைத் தமிழிலும் எழுதினார். ஆரம்பப்பள்ளியில் தமிழிலும், இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் அறிவியல் படித்த எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது என்று நம் நாட்டில் 2003 முதல் பல முறை விவாதம் நடந்திருக்கிறது. உலகத் தரத்தில் ஆய்வு செய்த ஒருவருக்குத் தாய்மொழி சுமையாக இருக்கவில்லை என்பதை அந்த விவாதத்தில் நாம் நினைவில் வைக்கலாம்.

லேசர் வந்தபோது

1960 மே 16-ஆம் நாள் அமெரிக்காவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். பதின்மூன்று மாதங்களில், 1961 ஜூனில், கிருஷ்ணன் புதுடில்லியில் காலமானார். வயது 62.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள நெருக்கம் மனத்தை உறுத்துகிறது. இராமன் விளைவின் பெரிய குறை அதன் மங்கல்தான். கோடியில் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்பதால் பாதரச விளக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் படத்தகட்டைக் காத்திருக்க வைத்தார்கள். ஒரே நிறத்தில், மிகுந்த செறிவோடு பாயும் லேசர் வந்ததும் அந்தக் காத்திருப்பு விநாடிகளாகச் சுருங்கியது. 1962-இல் லேசரைக் கொண்டே தூண்டப்பட்ட இராமன் சிதறல் என்ற புதிய நிகழ்வும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று தொலைதூர ஒளியிழைகளில் நம் இணையத் தரவைச் சுமக்கும் ஒளி தளரும்போது அதற்கு வலுவூட்டவும் அதே விளைவு பயன்படுகிறது. 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் ஊர்தி, பச்சை லேசரைப் பாய்ச்சி அங்குள்ள பாறைகளை இந்த முறையில் ஆராய்கிறது. கல்கத்தாவில் சூரிய ஒளியை வைத்துத் தொடங்கியது செவ்வாய் வரை போய்விட்டது. அதைப் பார்க்கக் கிருஷ்ணன் இல்லை.

புதுடில்லியில் அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர். இராயல் சொசைட்டிக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய இருவரில் ஒருவர், அவருடன் காந்தங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய அதே கேத்லீன் லான்ஸ்டேல். மற்றவர் ஹோமி பாபா.

நமக்கு

மாணவர்களே, இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் பெயர் விடுபட்டுப் போனால் அங்கேயே நின்று மனம் குமைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. கிருஷ்ணனைப் போல அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டு நடக்கலாம். இது எல்லாரும் சொல்லும் பாடம். இன்னொன்றை யாரும் அதிகம் சொல்வதில்லை. பெயரை எழுதும் பேனா நம் கையில் இருந்தால், விடுபட்டவரின் பெருந்தன்மையை நம்பிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. கிருஷ்ணன் மௌனமாக இருந்தது அவருடைய பெருமை. மற்றவர்கள் அவரை மறந்தது அவருடைய பெருமை ஆகாது.

அறிக்கையை ஒப்படைப்பதற்கு முன்பு முதல் பக்கத்தில் நான்காவது பெயரைச் சேர்த்தேன். கருவியைச் சரிப்படுத்தியவர் யார் என்பதையும் தனி வரியாக எழுதினேன். படைப்பில் பெயர் விடுபட்டது என் தவறு என்று விரிவுரையாளரிடம் நேரில் சொன்னேன். அவர் புள்ளிப் பட்டியலைத் திருத்தினார். அன்று மாலை கொமுட்டரில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டபோது, ரவாங் தாண்டும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுத்த பருவத்துக் குழுப்பணிக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று கேட்டான்.